டூகத்தில் ஏறிய எறும்பு

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் வீதியில் காலையில் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நேரமாகிவிட்டது என்று பெண்கள் ஓடுவார்கள். கூடை ஒரு பக்கம், இடுப்பில் பிள்ளை மறுபக்கம். மலைக்கு ஏறுமுன் பிள்ளைக் காம்பராவில் நின்று, ஆயம்மாவின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை அழும். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும்வரை அந்தப் பிள்ளையின் உலகம் ஓர் ஆயம்மாவும், சேலைத் தொட்டில்களும், தன்னைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும்தான்.

அங்கே யாரும் மொழிப் பாடம் நடத்துவதில்லை. ஆயம்மாவுக்கு அதற்கு நேரமும் இல்லை. ஒன்றுக்குப் பால் கரைக்க வேண்டும், ஒன்றுக்குத் துணி மாற்ற வேண்டும், இரண்டு அடித்துக்கொண்டால் விலக்கிவிட வேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் நாலு வயதுக்காரர் ஒருவரிடம் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். ஒரு தாளில் எதைப் போலவும் இல்லாத ஓர் உருவத்தைக் கிறுக்குங்கள். “இதுக்குப் பேரு டூகம்” என்று சொல்லுங்கள். அதன்மேல் ஓர் எறும்பை வரைந்துவிட்டு, “எறும்பு எங்க இருக்கு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும்:

“டூகத்துல.”

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். டூகம் என்று ஒரு சொல் தமிழில் இல்லை. அந்தப் பிள்ளை அதைக் கேட்டே சில வினாடிகள்தான் ஆகின்றன. ‘டூகமுல’ என்று சொல்லியிருக்கலாம், அல்லது ‘டூகம் மேல’ என்று தப்பித்திருக்கலாம். ஆனால் ‘ம்’ போய், ‘த்து’ வந்து, அதன் பிறகு ‘ல’ ஒட்டிக்கொண்டது. மரம் மரத்துல ஆவதும், பள்ளம் பள்ளத்துல ஆவதும் இதே வழியில்தான். தொல்காப்பியம் இந்த ‘அத்து’க்குச் சாரியை என்று பெயரிட்டு விதி சொல்கிறது. நாலு வயதுப் பிள்ளை தொல்காப்பியம் படிக்கவில்லை. ஆனால் அந்த விதி அதன் வாயில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958இல் இப்படித்தான் ஆங்கிலக் குழந்தைகளைச் சோதித்தார். குருவியைப் போன்ற ஓர் உருவத்தைக் காட்டி, ‘வக்’ என்று பொய்ப்பெயர் வைத்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். பிள்ளைகள் தயங்காமல் பன்மை விகுதியைச் சேர்த்தார்கள். கேட்டிராத சொல்லுக்கு, சொல்லித் தராத விதி. குழந்தை கிளிப்பிள்ளை போல ஒப்புவிக்கவில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

லயம் சொல்லும் கதை

மலையகத்தில் இந்தச் சோதனையை வரலாறும் ஒருமுறை நடத்தியிருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளை வெள்ளைக்காரத் துரைமார் ‘லைன்’ என்றார்கள். அது நம் வாயில் லயம் ஆனது. லயம் ஆனதும் அது ‘அம்’மில் முடியும் சொல்லாகிவிட்டது. உடனே லயத்துல, லயத்துக்கு, லயத்து நாய், லயத்துப் பிள்ளை எல்லாம் வந்துவிட்டன. காம்பரா போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அது ‘அம்’மில் முடியாததால் காம்பராவுல, காம்பராவுக்கு என்று வேறு வழியில் போனது. கலியாண ஆல்பம் ஆல்பத்துல ஆகிறது. ஆனால் எக்ஸாம் எக்ஸாமுலதான். எக்ஸாத்துல என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. கிராமம் என்றால் கிராமத்துக்கு, கிராம் என்றால் கிராமுக்கு. முடிவில் குறில் ‘அம்’ வந்தால்தான் ‘அத்து’; நெடில் ‘ஆம்’ வந்தால் இல்லை. பிள்ளையிடம் ‘ஏன்?’ என்று கேட்டால் முழிக்கும். பெரியவரிடம் கேட்டாலும் முழிப்பார். தெரிந்தே வைத்திருக்கிறோம், என்ன தெரியும் என்று தெரியாமல்.

அதே தோட்டத்தில் வயதுவந்த ஒருவர் தமிழ் கற்கப் படாதபாடு பட்டதையும் நினைத்துப் பார்க்கலாம். சீமையிலிருந்து வந்து இறங்கிய சின்னத்துரைக்கு, அதாவது துரையின் உதவியாளருக்கு, தமிழ் தெரிந்தால்தான் வேலை வாங்க முடிந்தது. அவருக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே கைக்கு அடக்கமான தமிழ்க் கையேடு அச்சானது. அதன் பெயரே ‘இங்கே வா’. பெயரைப் பார்த்தாலே உள்ளே இருந்த தமிழின் சாயல் விளங்கும். வளர்ந்த மூளையும் கல்லூரிப் படிப்பும் அச்சிட்ட புத்தகமும் கொண்டு துரை திணறிய மொழியை, பல் முழுதாக முளைக்காத பிள்ளை தொட்டிலிலிருந்து இறங்கியதும் பேசத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் மொழி கூடவே பிறக்கிறதா? இந்த அத்தியாயத்தின் கேள்வி அதுதான்.

அக்பரின் ஊமை மாளிகை

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் முகலாயப் பேரரசர் அக்பர். மனிதர் பேசுவது கேட்டுக் கற்பதால்தான் என்பது அவர் எண்ணம். அவையில் சிலர் அதை ஏற்கவில்லை. 1578ஆம் ஆண்டு வாக்கில் ஊருக்கு வெளியே ஒரு மாளிகை கட்டி, பிறந்த குழந்தைகளை அதில் வைத்து, பேசவே கூடாது என்ற கட்டளையோடு தாதியரை அமர்த்தினார். நடந்ததை அபுல் ஃபஸல் அக்பர்நாமாவில் பதிந்திருக்கிறார். 1582இல் அக்பர் அங்கே போனபோது பிள்ளைகளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஊமையரின் ஒலிகள் மட்டுமே கேட்டன. அந்த இடத்துக்குக் ‘குங் மஹால்’, அதாவது ஊமை மாளிகை என்ற பெயர் நிலைத்தது.

இன்று யாரும் செய்யத் துணியக்கூடாத கொடுமை இது. ஆனால் அதிலிருந்து கிடைத்த பதில் பாதிப் பதில்தான். காதில் விழாமல் பேச்சு வராது என்பது உறுதியானது. அதனால் உள்ளே எதுவுமே இல்லை என்று ஆகிவிடாது. நாற்றுத் தவறணையில் தண்ணீர் காட்டாமல் போட்ட தேயிலை விதை முளைக்கவில்லை என்பதற்காக, விதையும் கூழாங்கல்லும் ஒன்று என்று எந்தக் கங்காணியும் சொல்லமாட்டார்.

மறுபாதிப் பதிலுக்குப் பிள்ளைக் காம்பராவின் பூனை போதும். அதுவும் அதே கூரையின்கீழ் கிடக்கிறது. ஆயம்மாவின் அதே பேச்சு அதன் காதிலும் விழுகிறது. நாலு வருடம் கழித்து அது டூகத்துல என்று சொல்லாது. ஆகவே மனிதப் பிள்ளையிடம் பூனையிடம் இல்லாத ஏதோ ஒன்று பிறவியிலேயே இருக்கிறது. இதில் அறிவியலாளர் எவருக்கும் பிணக்கு இல்லை. அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பதில்தான் அறுபது வருடத்துக்கும் மேலாகச் சண்டை.

யாரும் சொல்லாத தடை

1957இல் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், மொழியும் பழக்கத்தால் படிவதே என்று ஒரு பெரிய நூல் எழுதினார். சரியாகச் சொன்னால் பாராட்டு, பாராட்டினால் பழக்கம், பழக்கம் வளர்ந்து மொழி. இரண்டு வருடம் கழித்து, முப்பது வயதான நோம் சோம்ஸ்கி அந்த நூலுக்கு எழுதிய விமர்சனம் மொழியியலின் போக்கையே மாற்றியது. பிள்ளை கேட்பது குறைவு, அறிவது அதிகம். இடைவெளியை நிரப்புவது பிறவியில் வந்த ஏற்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்பது பின்னர் அவர் விரித்த வாதத்தின் சாரம். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஓர் இலக்கணச் சட்டகம் உண்டு, அதனோடுதான் குழந்தை பிறக்கிறது என்றார்.

பாராட்டினால்தான் பழகும் என்றால், பிழையைத் திருத்தினால்தான் மாறும். ஆனால் வீட்டில் நடப்பது என்ன? “அம்மா டவுனுக்குப் போயிருக்கு” என்று பிள்ளை சொன்னால், “இல்ல, மலைக்குப் போயிருக்கு” என்று திருத்துவோம். “நான் பந்த போடுனேன்” என்று சொன்னால், “அப்படியா, எங்க?” என்றுதான் கேட்போம். ஓடுனேன், பாடுனேன், தேடுனேன் போலப் போடுனேன். பிள்ளையின் கணக்கு சரி, தமிழ்தான் ஓரவஞ்சனை செய்கிறது. அந்தப் போடுனேன் யாரிடமிருந்தும் கேட்டு வந்ததல்ல, யாராவது அதட்டிப் போவதும் அல்ல. ஒருநாள் தானாகவே போட்டேன் ஆகிவிடும். 1970இல் ரோஜர் பிரவுன், கமில் ஹான்லன் இருவரும் தாய்மாரின் பேச்சுப் பதிவுகளைப் பார்த்து இதையே கண்டார்கள். பெற்றோர் திருத்துவது செய்தியின் உண்மை பொய்யை, இலக்கணத்தை அல்ல.

சோம்ஸ்கி கட்சியின் வாதத்தை அதன் முழு வலுவோடு காண ஆங்கிலத்துக்குப் போகத் தேவையில்லை. தமிழின் ‘ஆ’ வினாவையே எடுத்துக்கொள்வோம். அதை எந்தச் சொல்லிலும் ஒட்டலாம் போலத் தெரியும்.

“அம்மாவா கொழுந்து எடுத்துச்சு?” “அம்மா கொழுந்தா எடுத்துச்சு?” “அம்மா இன்னைக்கா கொழுந்து எடுத்துச்சு?” எல்லாம் சரி.

இப்போது வேறொரு வாக்கியம்: “அம்மா எடுத்த கொழுந்து நல்லா இருக்கு.” இதை “அம்மா எடுத்த கொழுந்தா நல்லா இருக்கு?” என்று கேட்கலாம். “யாரு எடுத்த கொழுந்து நல்லா இருக்கு?” என்றும் கேட்கலாம். ஆனால் “அம்மாவா எடுத்த கொழுந்து நல்லா இருக்கு?” என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு மறுக்கிறது. ‘யாரு’வை உள்ளே விடும் பெயரெச்சத் தொடர், ‘ஆ’வை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இப்படி ஒரு தடை இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. யாரும் அந்தப் பிழையைச் செய்வதில்லை. ஆகவே யாரும் திருத்துவதும் இல்லை. காதில் விழாத ஒன்று ‘சொல்லக்கூடாதது’ என்று பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது? கேட்டிராத டூகத்துல மட்டும் சரி, கேட்டிராத இது மட்டும் தப்பு என்று பிரித்துக் காட்டுவது எது?

எதிர்க்கட்சியின் கணக்கு

பிறவி இலக்கணம் தேவையில்லை, குழந்தையின் கணக்கு மூளை போதும் என்பவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. 1996இல் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவெளியே இல்லாமல் ஒலிக்கவிட்டார்கள். இரண்டே நிமிடம்தான். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை மட்டுமே வைத்து, ‘சொல்’ எங்கே முடிகிறது என்று குழந்தைகள் பிரித்துவிட்டன. கொழுந்தெடுக்கப்போனாங்க என்று ஒரே மூச்சில் பெரியவர்கள் பேசுவதைக் குழந்தை எப்படி வெட்டி எடுக்கிறது என்ற புதிருக்கு இது ஒரு திறப்பு. கொ, ழுந் என்ற அசைகள் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. அதன் பிறகு என்ன வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் இடத்தில் சொல் முடிகிறது.

தமிழ்க் குழந்தையை வைத்தே இந்தக் கட்சியில் உழைத்தவர் ஆர். நரசிம்மன். மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பொதுப்பயன் மின்னணுக் கணினியான டிஃப்ராக்கின் பின்னால் நின்ற அறிஞர். பிறகு அவர் கவனம் தமிழ் பேசும் வீட்டில் ஒரு குழந்தை வளர்வதன்மீது திரும்பியது. பேச்சு வருமுன்பிருந்தே குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் நடந்த உரையாடல்கள் மாதக் கணக்கில் பதிவாயின. மொழியை மண்டைக்குள் இருக்கும் விதிப்பட்டியலாகப் பார்க்காமல், காட்டுவது, கேட்பது, கொடுப்பது, மறுப்பது என்று நடக்கும் கொடுக்கல் வாங்கலாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் வழி. அந்தத் தமிழ்ப் பதிவு இன்று உலகக் குழந்தை மொழிக் களஞ்சியத்தில் இருக்கிறது.

தமிழே இந்தக் கட்சிக்குச் சாதகமாகவும் பேசுகிறது. 1989இல் பரிமளா ராகவேந்திரா, லாரன்ஸ் லியோனார்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, தமிழ்ப் பிள்ளைகள் வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் வெகு சீக்கிரமே கையாளத் தொடங்கிவிடுவதைக் காட்டியது. துருக்கிய, ஹங்கேரியப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆங்கிலப் பிள்ளை விகுதிகளுக்குத் தடுமாறும் வயதில் தமிழ்ப் பிள்ளை அவற்றைச் சரமாகக் கோக்கிறது. காரணம், தமிழில் உருபுகள் தெளிவாக, வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுகின்றன. எந்த மொழி காதில் விழுகிறது என்பதைப் பொறுத்துக் கற்கும் வேகமும் வரிசையும் மாறுகின்றன. உள்ளே இருக்கும் சட்டகம் மட்டுமே வேலை செய்தால் இப்படி மாறக்கூடாது.

அண்மையில் இந்தச் சண்டைக்குள் இயந்திரங்களும் வந்துவிட்டன. பேசும் கணினி மாதிரிகள் பிறவி இலக்கணம் இல்லாமலே பிழையின்றி எழுதுகின்றன. ‘பார்த்தீர்களா?’ என்கிறது எதிர்க்கட்சி. ஆனால் அவை விழுங்கும் சொற்கள் லட்சம் கோடிக் கணக்கில். ஒரு பிள்ளை பதின்ம வயதைத் தொடும்போது அதன் காதில் விழுந்திருப்பது ஏறத்தாழ 10 கோடிச் சொற்கள்தான். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அவ்வளவு சிறிய முதலில் அவ்வளவு பெரிய வியாபாரம் நடப்பது எப்படி என்பது இன்னும் பிள்ளையிடம்தான் இருக்கும் இரகசியம்.

லயத்துச் சுவர்

இங்கே ஒரு சந்தேகம் எழும். காதில் விழுவதுதான் முதல் என்றால், தாய் நாள் முழுக்க மலையில் இருக்க, ஆயம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் இருக்க, தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் குறைந்துவிடாதா? ஏழைப் பிள்ளைகள் சொல்வறுமையில் வளர்கிறார்கள் என்ற கருத்து 1995இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. கன்சாஸில் 42 குடும்பங்களைக் கவனித்த பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும், நாலு வயதுக்குள் ஏழைப் பிள்ளை வசதியான வீட்டுப் பிள்ளையைவிட 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டார்கள். உலகம் முழுதும் பரவிய கணக்கு இது. ஆனால் அவர்கள் எண்ணியது பெரும்பாலும் பெற்றோர் பிள்ளையைப் பார்த்து நேராகப் பேசியதை. 2019இல் டக்ளஸ் ஸ்பெரி குழுவினர், சுற்றியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசுவதையும் சேர்த்து எண்ணியபோது அந்த இடைவெளி அப்படி நிற்கவில்லை.

பொலிவியாவின் சிமானே மக்கள் சிறு குழந்தைகளிடம் நேராகப் பேசுவது பகல் பொழுதில் மணிக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சிமானேப் பிள்ளைகள் ஊமையாக வளரவில்லை.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள், முதுகோடு முதுகு ஒட்டி வரிசையாக. இந்த வீட்டுச் சண்டை அந்த வீட்டுக்குக் கேட்கும். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாயி சொல்லும் கதை மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். பீலிக்கரையில் தண்ணீருக்கு நிற்கும் வரிசையில் தோட்டத்துச் செய்தி முழுதும் வந்துவிடும். துரைமார் சிக்கனத்துக்காகக் கட்டிய சுவர், இடவசதியையும் அந்தரங்கத்தையும் பறித்தது. பேச்சை மட்டும் அதனால் தடுக்க முடியவில்லை.

பிள்ளைகள் செய்த மொழி

கொடுத்ததைவிட அதிகமாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு நிகராகுவாவில் கிடைத்த சான்று பெரியது. 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புக் கல்விப் பாடசாலை ஒன்று தொடங்கியது. அதுவரை செவிப்புலன் இல்லாத பிள்ளைகள் தத்தம் வீடுகளில் தனித்தனியாக, தாங்களே உண்டாக்கிய சில சைகைகளோடு வாழ்ந்தார்கள். பாடசாலை கற்பிக்க முயன்றது உதட்டசைவைப் பார்த்து ஸ்பானியம் அறிவதை. அது பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் முற்றத்திலும் பேருந்திலும் பிள்ளைகளின் சைகைகள் ஒன்றுகலந்தன. 1986இல் மொழியியலாளர் ஜூடி கேகல் அழைக்கப்பட்டு அங்கே போனபோது கண்டது புதியதொரு மொழி. மூத்த பிள்ளைகளின் சைகைகள் உடைசலாக இருந்தன. அவர்களைப் பார்த்துக் கற்ற இளைய பிள்ளைகளிடம் அவை இலக்கணம் பெற்றுவிட்டன. பின்னாளில் ஆன் செங்காஸின் ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டின. ஆசிரியரைவிட மாணவர் நன்றாகப் பேசிய வகுப்பு அது.

இதில் கவனிக்க இரண்டு உண்டு. இலக்கணத்தை யாரும் கொடுக்காமலே பிள்ளைகள் உண்டாக்கினார்கள். ஆகவே உள்ளே ஏதோ இருக்கிறது. ஆனால் தனித்தனி வீட்டில் இருந்தவரை அது முழு மொழியாகவில்லை. கூட்டம் சேர்ந்த பிறகுதான் ஆனது.

டெரெக் பிக்கர்டன் இதே வாதத்தை ஹவாயின் கரும்புத் தோட்டங்களை வைத்து முன்வைத்தார். ஜப்பான், சீனம், பிலிப்பைன்ஸ், போர்த்துக்கல் என்று பல நாட்டிலிருந்து வந்த கூலிகளுக்குள் அரைகுறைக் கலவைப் பேச்சு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் வாயில் அது முழுமையான மொழியானது. எல்லாக் கலப்பு மொழிகளும் ஒரே சாயலில் இருப்பதற்குக் காரணம் மூளையில் உள்ள பிறவித் திட்டம் என்றார் அவர்.

ஊவாத் தோட்டங்களில் அப்படி ஒரு மொழி பிறக்கவில்லை. திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி என்று பல சீமையிலிருந்து வந்தாலும் லயத்தில் ஓங்கி ஒலித்தது தமிழ். பிள்ளைகளுக்கு முழு மொழியே கிடைத்தது. அவர்கள் செய்ததெல்லாம் பல சீமைப் பேச்சுகளை ஒன்றாக அரைத்து மலையகத் தமிழாக ஆக்கியது.

ஆனால் இலங்கையில் பிக்கர்டனுக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் கிரிந்தையிலும் வாழும் மலாய் மக்களின் பேச்சைக் கேளுங்கள். தென்கிழக்காசியாவிலிருந்து வந்த மலாயில் வினை நடுவில் நிற்கும், வேற்றுமை உருபு ஒட்டாது. இலங்கை மலாயில் வினை கடைசிக்குப் போய்விட்டது. நமது ‘கு’வின் வேலையைச் செய்ய ‘நங்’ என்ற உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கலப்பு மொழியும் இதேபோல் தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூட்டைப் பெற்றுவிட்டது. மூளையில் ஒரே அச்சு இருந்திருந்தால், இவையும் ஹவாய் மொழியின் சாயலில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சொல் அக்கரையிலிருந்து வந்தது. இலக்கணம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

இரண்டு கட்சிகளையும் கேட்ட பிறகு எனக்குப் படுவது இதுதான். பிள்ளை இலக்கணப் புத்தகத்தோடு பிறக்கவில்லை. அடுத்தவர் வாயிலிருந்து சிந்துவதைப் பொறுக்கி, அதிலிருந்து விதியைப் பிழிந்தெடுத்து, கேட்டிராத சொல்லிலும் அதைப் பொருத்தும் திறனோடு பிறக்கிறது. சிந்துவது என்ன மொழியானாலும், சிந்துபவர் துரையானாலும் தொழிலாளியானாலும் அந்தத் திறன் ஒன்றுதான்.

கூடப் பிறக்காதது

அந்தத் திறனுக்கும் ஒரு விலை உண்டு. பொறுக்குவதற்காக அது கதவுகளைச் சாத்திக்கொண்டே போகிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் யாரும் பயன்படுத்தாத வேறுபாடு வீண்சுமை என்று காது தள்ளிவிட்டது. லயத்துப் பிள்ளைக்குத் தவும் டவும் பத்திரமாக இருக்கும். ஆனால் வீட்டிலும் பிள்ளைக் காம்பராவிலும் எல்லோரும் வாளப்பளம் என்றே சொன்னால், ழ அதன் காதில் தனி ஒலியாகப் பதியாது. ஆறு வயதில் பாடசாலையில் அது ழகரத்துக்குத் தடுமாறினால், அது நாக்கின் சோம்பல் இல்லை. கேட்டதை அச்சுப் பிசகாமல் கற்றதன் விளைவு. ‘தோட்டக்காட்டுப் பேச்சு’ என்று ஒதுக்கப்பட்ட பேச்சுக்குப் பின்னால் இருப்பது, அரண்மனைப் பிள்ளையிடம் இருக்கும் அதே கற்கும் இயந்திரம்.

அந்த இயந்திரம் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. சார்ல்ஸ் டார்வின் 1871இலேயே அதைக் கண்டுகொண்டார். குழந்தையின் மழலையைப் பார்த்தால் பேசுவதற்கான உந்துதல் இயல்பிலேயே இருப்பது தெரிகிறது, ஆனால் மது வடிக்கவோ ரொட்டி சுடவோ எழுதவோ எந்தக் குழந்தைக்கும் அப்படி ஓர் உந்துதல் கிடையாது என்பது அவர் கருத்து. பேச்சு மனிதரோடு எத்தனையோ ஆயிரமாண்டுகளாக இருக்கிறது. எழுத்து வந்து ஐயாயிரம் ஆண்டுதான். அதற்கென்று மூளையில் எதுவும் தயாராகக் காத்திருக்கவில்லை. எத்தனை லயத்துச் சுவர்கள் மெலிந்திருந்தாலும், ஒட்டுக் கேட்டு யாரும் எழுதப் படித்ததில்லை.

தமிழில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். வீட்டில் மரத்துல, புத்தகத்தில் மரத்தில். வீட்டில் எடுத்துச்சு, புத்தகத்தில் எடுத்தார். பூனாகலைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கடைவீதியில் சிங்களமும் உண்டு, பாடத்திட்டத்தில் ஆங்கிலமும் உண்டு. பேச்சில் இரண்டு மூன்று மொழி சேர்வது பிள்ளைக்குப் பாரம் இல்லை. யாருமே பேசாத ஒரு தமிழை எழுத்தில் சந்திப்பதுதான் பாரம். அதற்கு ஆசிரியர் வேண்டும், புத்தகம் வேண்டும், கதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும்.

இவைதான் தோட்டங்களில் நெடுங்காலம் இல்லாமல் இருந்தன. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. ஒரே மண்டபம், பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். பேசத் தெரிந்த தலைமுறைகள் எழுதத் தெரியாமல் போனதற்குக் காரணத்தைப் பிள்ளைகளின் மண்டையில் தேடியவர்கள் தவறான இடத்தில் தேடினார்கள்.

இப்போது அந்தத் தாளுக்குத் திரும்புவோம். டூகம், அதன்மேல் எறும்பு. அக்பரின் மாளிகைப் பிள்ளைகளாலும் பூனையாலும் முடியாததைப் பிள்ளைக் காம்பராவின் நாலு வயது ஏற்கெனவே செய்துவிட்டது: டூகத்துல. இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளை கொப்பியைத் திறந்து, ‘டூகத்தில்’ என்று எழுத வேண்டும். முதல் வேலையை ஒருவரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது வேலையை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும்.